70 மி.மீ. டெலஸ்கோப் வாங்கியாச்சு, இரவில் ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளுக்குச் சூரியனைக் காட்டலாமா?

#1 மாடிவாசி (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பிறந்தநாளுக்கு 70 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியத் தூரம் உள்ள டெலஸ்கோப் ஒன்று வாங்கினேன். பெட்டியில் 525 மடங்கு என்று பெரிதாகப் போட்டிருந்தது. உள்ளே ஹெச்20, ஹெச்12.5, எஸ்ஆர்4 என்று மூன்று ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கிற குட்டி லென்ஸ்), படத்தை இன்னும் பெரிதாக்க ஒரு 3 மடங்கு பார்லோ லென்ஸ், மூலையில் மாட்டும் கண்ணாடி, குறிபார்க்கக் குழாயின் மேல் மாட்டும் குட்டி ஃபைண்டர், ஒல்லியான ட்ரைபாட். கூடவே கரும்பச்சையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லை. அதன் விளிம்பில் 'சன்' என்று எழுதியிருக்கிறது.

மூன்று இரவு மாடியில் நின்று பார்த்துவிட்டோம். இருட்டுதான் தெரிகிறது. ஒருமுறை மட்டும் வெள்ளையாக ஏதோ சட்டென்று குறுக்கே ஓடியது. "அப்பா, இது ரிப்பேரா?" என்று அவள் கேட்டது மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

இரவில் கண்டுபிடிக்கத்தான் சிரமம், சூரியன் கண் முன்னாலேயே இருக்கிறதே என்று தோன்றியது. அந்த 'சன்' வில்லையை ஐபீஸின் அடியில் திருகிவிட்டு ஞாயிறு காலை சூரியப் புள்ளிகளைக் காட்டலாம் என்று இருக்கிறேன். அவளுடைய தோழிகள் நான்கு பேரும் வருகிறார்கள். எந்த ஐபீஸ் போட்டால் நன்றாகத் தெரியும்?

#2 நிலாமுற்றம் (கோவை)

அண்ணா, தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்யாதீர்கள். மற்ற சந்தேகங்களைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் அந்தக் கரும்பச்சை வில்லையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தனியே வையுங்கள்.

காரணம் சொல்கிறேன். பகல் வெயிலில் நம் கண்மணி ஏறக்குறைய 2 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். உங்கள் லென்ஸ் 70 மி.மீ. அகலத்தில் 35 மடங்கு, பரப்பில் 1,225 மடங்கு. அத்தனை வெயிலையும் வாங்கிக் குவித்து அந்தப் பொத்தான் வில்லையின் மேல் கொட்டுகிறது டெலஸ்கோப். வில்லை இருப்பது ஐபீஸில், அதாவது வெப்பம் குவிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே. சூடு ஏற ஏறக் கண்ணாடி விரிந்து, ஒரு கட்டத்தில் விரிசல் விடும். அந்த நொடியில் ஐபீஸில் யார் கண் இருக்கிறதோ அவர் கதி அவ்வளவுதான்.

விழித்திரையில் வலி நரம்பு கிடையாது. சுட்டாலும் குழந்தைக்குத் தெரியாது, அழாது. சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோ, பார்க்கிற எழுத்தின் நடுவில் மங்கலாக ஒரு புள்ளி நிற்கும். சிலருக்கு அது போகவே போகாது.

சூரியனைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானே வாராவாரம் பார்க்கிறேன். டெலஸ்கோப்பின் முன்வாயை முழுசாக மூடுகிற ஃபில்டர் வேண்டும். வெயில் உள்ளே நுழைவதற்கு முன்பே அதைக் குறைத்துவிட வேண்டும். உள்ளே வந்த பிறகு குறைக்கிற எதையும் நம்பக் கூடாது.

#3 சாக்பீஸ் (மதுரை)

கோவை அம்மா சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றமாட்டேன். முப்பது வருடம் இயற்பியல் பாடம் நடத்தியவன். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

2010 ஜனவரி 15. வளைய சூரிய கிரகணம் கன்னியாகுமரி, ராமேஸ்வரம் வழியாகப் போன நாள். கடற்கரையில் ஆயிரக்கணக்கான ஜனம். எங்கள் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒருவர் சின்ன டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். ஐபீஸில் இதே கரும்பச்சை வில்லை. ஒரு பையன் பார்த்துவிட்டு நகர்ந்தான். அடுத்து நின்ற பெண் குழந்தை முடியை ஒதுக்கிக்கொண்டு குனியப் போனாள். அப்போது 'டக்' என்று ஒரு சத்தம். சோளம் பொரிகிற மாதிரி, அவ்வளவு சின்னச் சத்தம். ஐபீஸிலிருந்து வெளிச்சம் குச்சி போல வெளியே அடித்தது. அவர் குழந்தையைத் தோளைப் பிடித்து இழுத்துவிட்டார். வில்லையைக் கழற்றிப் பார்த்தால் நடுவில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. அந்த மனிதரின் கை நடுங்கியது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

அன்று அது தப்பித்தது அந்தக் குழந்தை முடியை ஒதுக்க எடுத்துக்கொண்ட ஒரு நொடியால்தான்.

மாடிவாசி தம்பி, அந்த வில்லையை அப்படியே குப்பையில் போடாதீர்கள். யாராவது எடுத்து விளையாடுவார்கள். துணியில் சுற்றிச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போடுங்கள்.

#4 மாடிவாசி (திருச்சி)

ஐயா, அக்கா, படித்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. பெட்டியோடு வந்த பொருள் என்பதால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். இப்போதுதான் அம்மிக்கல்லில் வைத்து உடைத்தேன். மகளிடமும் காரணத்தைச் சொன்னேன். "அப்போ ராத்திரியாவது தெரியுமா?" என்கிறாள். அதற்கு வழி சொல்லுங்கள்.

#5 குவியம் (சென்னை)

அண்ணா, உங்கள் டெலஸ்கோப் ரிப்பேர் இல்லை. நீங்கள் எஸ்ஆர்4-ஐயும் பார்லோவையும் சேர்த்துப் போட்டிருப்பீர்கள், சரியா? நானும் முதல் வாரம் முழுக்க அதையேதான் செய்தேன்.

கணக்கு எளிது. டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை ஐபீஸின் எண்ணால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வரும். 700-ஐ 20-ஆல் வகுத்தால் 35. 12.5-ஆல் வகுத்தால் 56. 4-ஆல் வகுத்தால் 175. அதை 3 மடங்கு பார்லோவால் பெருக்கினால்தான் பெட்டியில் போட்ட 525. ஆனால் ஒரு லென்ஸ் தாங்குவது அதன் மில்லிமீட்டருக்கு 2 மடங்கு வரைதான். உங்களுக்கு 140. அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், ஆனால் இருண்டு, கலங்கி, கஞ்சி மாதிரி ஆகிவிடும். அதனால் எஸ்ஆர்4-ஐயும் பார்லோவையும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். ஹெச்20 போதும். நான் இன்றைக்கும் எதைப் பார்த்தாலும் பெரிய எண் ஐபீஸில்தான் தொடங்குகிறேன்.

வெள்ளையாக ஓடியது ஏதோ நட்சத்திரம். பூமி 4 நிமிடத்துக்கு 1 டிகிரி சுற்றுகிறது. 525 மடங்கில் உங்களுக்குத் தெரிகிற வானம் ஒரு டிகிரியில் பதினைந்தில் ஒரு பங்குகூட இருக்காது. உள்ளே வந்த நட்சத்திரம் கால் நிமிடத்தில் வெளியே போய்விடும். 35 மடங்கில் அதே நட்சத்திரம் நான்கு நிமிடம் நிற்கும். மகள் பார்த்து, நீங்கள் பார்த்து, திரும்ப அவள் பார்க்கலாம்.

அடுத்தது ஃபைண்டர். அது டெலஸ்கோப் பார்க்கிற திசையையே பார்க்கவில்லை என்றால் ஆயுசுக்கும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. இதைப் பகலில் செய்யச் சொல்வார்கள். பகலில் குழாயைத் திருப்பும்போது தவறிச் சூரியன் பக்கம் போய்விடலாம், அதனால் எனக்கு அது பிடிக்காது. இருட்டிய பிறகு செய்யுங்கள். திருச்சியில் உங்களுக்கு என்ன கவலை, மலைக்கோட்டை உச்சியில் விளக்கு எரியுமே! மாடியிலிருந்து அது தெரியாவிட்டால் தூரத்து செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கு. ஹெச்20-ல் அந்த விளக்கை நடுவில் கொண்டுவந்து, ட்ரைபாடின் திருகை இறுக்குங்கள். குழாயைத் தொடாமல் ஃபைண்டரின் சின்னத் திருகுகளை மட்டும் மாற்றி மாற்றித் திருப்பி, அதே விளக்கைக் குறுக்குக் கோட்டின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றைத் தளர்த்தினால் எதிரில் உள்ளதை இறுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. பிறகு ஹெச்12.5 போட்டு ஒருமுறை சரிபாருங்கள்.

படம் இடவலமாகத் திரும்பித் தெரிந்தால் பயப்படாதீர்கள். மூலைக் கண்ணாடியின் வேலை அது. வானத்தில் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

#6 நிலாமுற்றம் (கோவை)

குவியம் தம்பி அழகாகச் சொல்லிவிட்டார். இடம் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டை மாடி, ராத்திரி ஒன்பது மணி வரை அந்தச் சூட்டை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். அதன் வழியாகப் பார்த்தால் வியாழன், கொதிக்கிற ரசத்துக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி ஆடும். கீழே மண் தரையோ புல்லோ இருந்தால் அங்கே வையுங்கள். மாடிதான் என்றால் நேரம் போகப் போகப் படம் தெளியும். டெலஸ்கோப்பை அரை மணி முன்பே வெளியே வைத்துவிடுங்கள், அதுவும் ஆற வேண்டும். ஏசி அறையிலிருந்து எடுத்துவந்தால் லென்ஸில் பனி பூக்கும். துடைக்காதீர்கள், தானாகப் போகும். ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்ப்பதும் வேண்டாம்.

ட்ரைபாடின் கால்களை முழுசாக நீட்டவே நீட்டாதீர்கள். பாதி போதும். நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். நடுத்தட்டில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டால் ஆட்டம் பாதியாகக் குறையும். கைப்பிடிச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். இருட்டில் குழந்தைகளின் கவனமெல்லாம் மேலே இருக்கும்.

இன்னொன்று, குழந்தைகள் ஐபீஸைக் கையால் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பார்கள். பிடித்ததும் படம் போய்விடும். "கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனி" என்று சொல்லிக்கொடுங்கள். என் அக்கா பிள்ளைகளிடம் இது ஒன்றுதான் பலித்தது.

#7 தெற்குவாசல் (மதுரை)

நடுவில் வந்ததற்கு மன்னிக்கவும். கிரகணத்துக்கு எங்கள் வீட்டில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில்தான் பார்ப்போம். அப்பத்தா காலத்தில் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி அதில் தெரிகிற சூரியனைப் பார்ப்பார்களாம். 2019 டிசம்பர் 26 கிரகணத்துக்குக் கண்ணாடி வாங்கினோம், அது இன்னும் இருக்கிறது. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டெலஸ்கோப்பில் பார்த்தால்?

#8 சாக்பீஸ் (மதுரை)

நம்ம ஊர்க்காரருக்கு வணக்கம். மூன்றுக்கும் பதில் 'கூடாது'தான். ஆனால் காரணங்கள் வேறு வேறு.

எக்ஸ்ரே ஃபிலிம் கறுப்பாக இருப்பதால் கண் கூசாது. கூசாததால் அதிக நேரம் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அதன் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். ஆபத்து அங்கேதான். தாம்பாளத் தண்ணீர், மேலிருந்து விழுகிற ஒளியில் நூறில் இரண்டு பங்கைத் திருப்பி அனுப்பும். கேட்கக் குறைவாகத் தெரியும். கண்ணுக்குப் பாதுகாப்பான அளவோ ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. மஞ்சளும் சாணமும் அந்த இடைவெளியை நிரப்பாது. பெரியவர்கள் நேராகப் பார்க்காமல் குனிந்து பார்க்கச் சொன்ன அக்கறையை மதிக்கிறேன், ஆனால் அந்த முறை போதாது.

கிரகணக் கண்ணாடி வெறும் கண்ணுக்கு மட்டும். டெலஸ்கோப் குவித்து அனுப்புகிற ஒளி அதை ஓட்டை போட்டு உள்ளே வந்துவிடும். பழையதில் கீறல் விழுந்திருந்தால் வெறும் கண்ணுக்கும் வேண்டாம்.

காசு செலவில்லாத வழி ஒன்று சொல்கிறேன், மாடிவாசி தம்பிக்கும் சேர்த்து. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுத்துக் கறுப்புக் காகிதத்தால் முழுதும் மூடி, நடுவில் 1 செ.மீ. ஓட்டை மட்டும் விடுங்கள். வெயிலில் வைத்து, பிரதிபலிப்பை எதிரே இருக்கும் இருட்டு அறையின் சுவரில் விழச் செய்யுங்கள். 20 மீட்டர் தூரம் இருந்தால் சுவரில் சூரியன் சுமார் 18 செ.மீ. வட்டமாக வந்து நிற்கும். ஓட்டை சதுரமாக இருந்தாலும் படம் வட்டமாகத்தான் விழும், ஏனென்றால் அது ஓட்டையின் படம் இல்லை, சூரியனின் படம். கிரகணத்தன்று வகுப்பே உட்கார்ந்து பார்க்கலாம். கண்ணாடியை மட்டும் யாரும் குனிந்து பார்க்காதபடி ஒரு ஆளை நிறுத்த வேண்டும். சூரியப் புள்ளி தெரியுமா என்றால், பொதுவாகத் தெரியாது.

புள்ளி தெரிய வேண்டுமானால் டெலஸ்கோப்பிலிருந்தே வெள்ளைக் காகிதத்தில் சூரியனை விழ வைக்கலாம். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் காட்ட எனக்கு அதுதான் கைகண்ட முறை.

#9 நிலாமுற்றம் (கோவை)

ஐயா, உங்கள் அனுபவத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. காகிதத்தில் விழ வைக்கும்போது குழாயின் முன்வாய் திறந்தே இருக்கிறது. ஐபீஸிலிருந்து வெளியே வருவது முழு வெயில். நீங்கள் நாற்பது பிள்ளைகளைக் கண்ணசைவில் நிறுத்தக்கூடிய ஆசிரியர். வீட்டில் ஒரு அப்பா, ஐந்து குழந்தைகள், நடுவில் கீழிருந்து ஒரு போன் அழைப்பு. அந்த அரை நிமிடத்தில் ஒரு குழந்தை குனிந்துவிடும்.

2019-ல் கோவையில் வளைய கிரகணம் தெரிந்தபோது நானும் காகிதத்தில்தான் விழ வைத்தேன். குழாயைச் சரியாக வைத்தேன், ஐபீஸ் பக்கம் யாரையும் விடவில்லை. 6×30 ஃபைண்டரை மறந்துவிட்டேன். அதற்கும் முன்னால் லென்ஸ் இருக்கிறதே! குனிந்து காகிதத்தைச் சரிசெய்யும்போது தோள்பட்டையில் சுருக்கென்றது. துப்பட்டாவில் மிளகு அளவுக்கு ஒரு பொத்தல், விளிம்பு உருகிச் சுருண்டிருந்தது. அந்தத் துப்பட்டாவை இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாக டெலஸ்கோப் வாங்குகிறவர்களுக்குக் காட்ட. அது என் கண்ணாக இருந்திருக்கலாம்.

#10 சாக்பீஸ் (மதுரை)

ஒத்துக்கொள்கிறேன் அம்மா. வீட்டுக்கு நீங்கள் முதலில் சொன்ன, முன்வாயை மூடுகிற சூரிய ஃபிலிம் ஃபில்டர்தான் சரி. பள்ளியில் நான் செய்தபோது ஃபைண்டரைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டுதான் தொடங்குவேன், ஐபீஸைச் சுற்றி அட்டைப் பெட்டி வைத்து மூடியிருப்பேன், லென்ஸின் முன்னால் 4 செ.மீ. துளை விட்ட அட்டை மாட்டியிருப்பேன். இவற்றை முன்பே எழுதியிருக்க வேண்டும். ஒட்டுப் பசை உள்ள விலை உயர்ந்த ஐபீஸ்களும் அந்தச் சூட்டில் வீணாகிவிடும். அதற்கும் ஹெச்20 மாதிரி பசையில்லாத சாதாரண ஐபீஸ்தான் ஏற்றது.

#11 பனைவெளி (யாழ்ப்பாணம்)

இந்த உரையாடலை நேற்றிலிருந்து வாசித்துக்கொண்டு இருக்கிறேன். 2010 கிரகணம் எங்களுக்கும் வளையமாகத் தெரிந்தது. அப்போது கையில் ஒன்றும் இல்லை. இப்போது பழைய 114 மி.மீ. கண்ணாடித் தொலைநோக்கி ஒன்று, துருவ அச்சுத் தாங்கியோடு கிடைத்திருக்கிறது. இரண்டு பிரச்சினை. துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சைச் சாய்க்கச் சொல்கிறார்கள். எங்களுக்கு அது 10 பாகைக்கும் கீழே, பனை வட்டுகளுக்குள் மறைந்து நிற்கிறது. அச்சைத் தாழ்த்தினால் எதிர்எடைக் கம்பி முக்காலியின் காலில் போய் இடிக்கிறது. மற்றது, கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சை. துடைக்கலாமா?

#12 குவியம் (சென்னை)

அண்ணா, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வாழ்கிற நம் எல்லோருக்கும் உள்ள பாடு இது. சென்னையிலேயே துருவ நட்சத்திரம் 13 டிகிரி உயரத்தில்தான். ஒரு கால் நேர் தெற்கே வருகிற மாதிரி முக்காலியைத் திருப்பி வைத்துப் பாருங்கள். எதிர்எடை வடக்குப் பக்கம் இரண்டு கால்களுக்கு நடுவில் இறங்கும், பெரும்பாலும் இடிக்காது. நட்சத்திரம் தெரியாவிட்டால் திசைகாட்டியால் வடக்கையும், கோணமானியால் உங்கள் ஊர் அட்சரேகையையும் வைத்தால் போதும். கண்ணால் பார்ப்பதற்கு அவ்வளவு துல்லியம் தேவையில்லை. படம் எடுப்பவர்கள்தான் அதற்கு மெனக்கெட வேண்டும்.

பூஞ்சைக்கு: முதலில் துடைக்காதீர்கள். கண்ணாடியின் முன்பக்கத்தில் அலுமினியப் பூச்சு இருக்கிறது, துணி பட்டால் கீறல் விழும். ரப்பர் பந்தால் காற்றடித்துத் தூசியைப் போக்கிவிட்டு, காய்ச்சி வடித்த நீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து கண்ணாடியை மூழ்க வையுங்கள். அரை மணி கழித்து அதே நீரில் பஞ்சை அதன் பாரத்துக்கே மெல்ல இழுங்கள், அழுத்தம் வேண்டாம். கடைசியில் வடித்த நீரை மேலே ஊற்றிச் சாய்த்து நிறுத்தினால் தானே காயும். திரும்ப மாட்டிய பிறகு கண்ணாடிகளை நேர்படுத்த வேண்டும், அதைத் தனி இழையில் கேளுங்கள், விரிவாக எழுதுகிறேன். இனிமேல் ஈரத்தோடு மூடிவைக்காதீர்கள். வீட்டுக்குள் கொண்டுவந்து உலரவிட்டு, பிறகு மூடியைப் போட்டு, பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு.

மாடிவாசி அண்ணாவின் லென்ஸ் டெலஸ்கோப்புக்கு இதெல்லாம் கிடையாது. அதன் முன் லென்ஸைக் கழற்றவே கூடாது.

#13 மாடிவாசி (திருச்சி)

எல்லோருக்கும் நன்றி. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தெரிந்துவிட்டது!

முந்தாநாள் மலைக்கோட்டை விளக்கை வைத்து ஃபைண்டரைச் சரிசெய்தேன். பத்து நிமிடம் இல்லை, நாற்பது நிமிடம் ஆனது. நேற்று வளர்பிறை அஷ்டமி. ஹெச்20 போட்டு நிலாவை ஃபைண்டரில் நடுவில் வைத்துவிட்டு ஐபீஸில் பார்த்தால் கண்ணே நிறைந்துவிட்டது. வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டில் மூன்று பெரிய குழிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக. குழியின் ஒரு சுவர் பளிச்சென்று, மறு சுவரின் நிழல் மைக்கறுப்பு. மகள் ஒன்றும் பேசவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தவள் நிமிரவே இல்லை. நான்கு நிமிடம் கழித்து "அப்பா, ஓடிப்போச்சு" என்றாள்.

பிறகு கிழக்கே உயரத்தில், புனர்பூச நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் வியாழன். நான்கு நிலாக்கள் ஒரே கோட்டில்! என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு மேலே வந்தார். பக்கத்து வீட்டு அம்மா மட்டும் காலையில் "மாடியில குழாய் வச்சு யார் வீட்டையோ பார்க்குறீங்களாமே" என்று கேட்டுவிட்டார். சங்கடமாகிவிட்டது.

#14 நிலாமுற்றம் (கோவை)

அந்த மூன்று குழிகள் டாலமேயஸ், அல்ஃபான்சஸ், அர்சாக்கெல். அஷ்டமி அன்று சரியாக அங்கேதான் விடியும். பௌர்ணமி அன்று அதே இடத்தைப் பாருங்கள், நிழலே இல்லாமல் தட்டையாகிவிடும். கண்ணும் கூசும், அது கூச்சம் மட்டும்தான், நிலாவால் கண்ணுக்கு ஆபத்து இல்லை.

பக்கத்து வீட்டு அம்மாவை இன்று இரவே கூப்பிட்டு வியாழனைக் காட்டுங்கள். எனக்கும் இதே பேச்சு வந்தது. எங்கள் எதிர்வீட்டு மாமி அன்று அருந்ததி பார்த்துவிட்டுப் போனார். கல்யாணத்தில் காட்டுகிற வசிட்டரும் அருந்ததியும் வெறும் கண்ணுக்கே இரண்டு. 35 மடங்கில் வசிட்டரே இரண்டாகப் பிரிந்து தெரிவார். மாசியில் ராத்திரி பத்துக்கு மேல் வடகிழக்கில் பாருங்கள். மாமி அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அதற்குப் பிறகு தெருவில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. குழாயைக் கிடைமட்டத்துக்குக் கீழே இறக்காமல் இருப்பதும் நல்லது.

திருவாதிரைக்குத் தெற்கே மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும், அதன் கீழே மங்கலாக ஒரு மேகம். ஓரியன் நெபுலா. படங்களில் வருகிற ரோஜா நிறம் தெரியாது, சாம்பல் நிறம்தான். நேராகப் பார்க்காமல் கொஞ்சம் பக்கத்தில் பார்த்தால் விரியும். டார்ச்சுக்குச் சிவப்பு ஜிகினாத்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள், செல்போனைக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும். சனியை இப்போது தேட வேண்டாம். 2025 மார்ச்சில் அதன் வளையம் நமக்கு விளிம்பு காட்டித் திரும்பியது. இன்னும் மெல்லியதாகத்தான் இருக்கிறது, வருடம் போகப் போக விரியும்.

வெள்ளியை எப்போது பார்த்தாலும் சூரியன் முழுசாக மறைந்த பிறகுதான். இதை மட்டும் வீட்டில் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

#15 மாடிவாசி (திருச்சி)

சூரிய ஃபிலிம் வாங்கிவிட்டேன். கண்ணால் பார்ப்பதற்கான 5 என்ற அடர்த்தி. கடைக்காரர் 3.8-உம் இருக்கிறது, வெளிச்சமாகத் தெரியும் என்றார். அது கேமராவுக்கு மட்டும், கண்ணுக்கு ஆகாது என்று இங்கே பழைய இழையில் படித்திருந்ததால் தப்பித்தேன். மூடியை எப்படிச் செய்வது?

#16 நிலாமுற்றம் (கோவை)

தடித்த அட்டையை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி, குழாயின் முன்வாயைச் சுற்றி இறுக்கமாக வளைத்து ஒட்டுங்கள். அது ஒரு வளையம். ஃபிலிமை மேசையில் மெல்லிய காகிதத்தின் மேல் விரித்து, இரட்டைப் பக்க டேப் ஒட்டிய இன்னொரு அட்டை வளையத்தை அதன் மேல் இறக்குங்கள். இழுத்துப் பிடிக்காதீர்கள். கொஞ்சம் தொளதொளவென்று இருப்பதுதான் சரி, சுருக்கத்தால் படம் கெடாது. இரண்டு வளையங்களையும் சேர்த்து ஒட்டினால் மூடி தயார்.

ஒவ்வொரு முறையும் மாட்டுவதற்கு முன் ஃபிலிமைக் குண்டு பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவுக்கு ஒளி தெரிந்தாலும் அந்த ஃபிலிம் வேண்டாம். மாட்டிய பிறகு குழாயோடு சேர்த்து மூன்று இடத்தில் டேப் போடுங்கள். காற்றடித்தாலோ குழந்தை தட்டினாலோ கழன்றுவிடக் கூடாது. ஃபைண்டரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

ஃபைண்டர் இல்லாமல் சூரியனை எப்படிப் பிடிப்பது? குழாயின் நிழலைத் தரையில் பாருங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி வட்டமாகிற இடத்தில் ஹெச்20-ல் சூரியன் வந்திருக்கும். முதலில் நீங்கள் பாருங்கள், பிறகு குழந்தைகள். முடிந்ததும் குழாயை வேறு பக்கம் திருப்பிவிட்டுத்தான் ஃபிலிம் மூடியை எடுக்க வேண்டும், உடனே பிளாஸ்டிக் மூடியைப் போட வேண்டும். வெயில் வருகிற ஜன்னலோரம் மூடியில்லாமல் நிற்கிற டெலஸ்கோப், யாரும் தொடாமலேயே தீ வைத்துவிடும்.

#17 மாடிவாசி (திருச்சி)

ஞாயிறு காலை எட்டரை மணி. தோழிகள் நான்கு பேரும் வந்தார்கள். இரண்டாவது ஞாயிறுதான், ஆனாலும் வந்தார்கள். மூடியைப் பல்பில் பார்த்தது மகள். டேப் போட்டது மகள். நான் பக்கத்தை விட்டு நகரவே இல்லை, போன் கீழேயே இருந்தது.

வெள்ளைத் தட்டு மாதிரி சூரியன், மேல் ஓரத்தில் இரண்டு புள்ளி, நடுவில் கூட்டமாக நான்கைந்து. பெரிய புள்ளியின் நடு கறுப்பாகவும் சுற்றி நார் நாராகச் சாம்பல் நிறமாகவும் இருந்தது. ஒரு குழந்தை, ஃபிலிமில் இருக்கிற அழுக்கா என்று கேட்டாள். குழாயை லேசாக அசைத்துக் காட்டினேன், புள்ளிகள் சூரியனோடு சேர்ந்தே நகர்ந்தன.

#18 சாக்பீஸ் (மதுரை)

படிக்கப் படிக்க மனசு நிறைகிறது தம்பி. அந்தச் சாம்பல் நாருக்கு நம் ஊரோடு சம்பந்தம் உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909-ல் ஜான் எவர்ஷெட், அந்தப் பகுதியில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடுகிறது என்று கண்டார். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். அந்த ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்துவருகிறார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கொடைக்கானல் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

மகளைத் தினமும் ஒரே நேரத்தில் ஒரு வட்டம் போட்டு அதில் புள்ளிகளைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் புள்ளிகள் நகர்வது தெரியும். சூரியன் தன்னைத் தானே சுற்றுவதை அவளே கண்டுபிடிப்பாள்.

#19 மாடிவாசி (திருச்சி)

ஐயா, நோட்டு ஏற்கெனவே போட்டுவிட்டாள். முதல் பக்கம் சூரியன் இல்லை, வியாழன். அஷ்டமி ராத்திரி நான்கு புள்ளி, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் மூன்று. நேற்று ராத்திரி வரைந்ததில் மூன்றுதான் இருக்கிறது. வானம் தெளிவாகத்தான் இருந்தது, நானும் பார்த்தேன், மூன்றுதான். "நாலாவது எங்கேப்பா?" என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

#20 சாக்பீஸ் (மதுரை)

வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும், அல்லது அதன் நிழலுக்குள். அயோ என்ற நிலா வியாழனைச் சுற்ற நாற்பத்திரண்டரை மணி நேரம்தான் எடுத்துக்கொள்கிறது, யூரோப்பா மூன்றரை நாள், கேனிமீட் ஏழு நாள், காலிஸ்டோ கிட்டத்தட்ட பதினேழு. ஒன்று மறைவதும் ஒன்று வெளியே வருவதும் அடிக்கடி நடக்கும். கலிலியோ 1610 ஜனவரி 7 அன்று முதலில் பார்த்தபோது அவருக்கும் மூன்றுதான் தெரிந்தது, நான்காவது தெரிய ஜனவரி 13 ஆனது.

பதிலை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். நேற்று வரைந்த பக்கத்தில் மணியைக் குறித்திருக்கிறாளா என்று பாருங்கள். இன்று ஏழு மணிக்கு ஒரு படம், ஒன்பதுக்கு ஒரு படம் போடட்டும். மேகம் இல்லையென்றால் நானும் இங்கிருந்து அதே நேரத்தில் பார்த்து வரைகிறேன். நாளை இரண்டு நோட்டையும் இங்கே வைத்துப் பார்ப்போம்.